‘முப்பத்திரண்டு’ என்று மட்டும் சொல்லி வாங்கலாமா?

கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் வணிக அன்பர்களுக்குத் தோட்டா பற்றிச் சில செய்திகள்

மண்டிக்கு ஒருவர் வந்து, “ஒரு மூட்டை பருப்பு போடுங்க” என்று சொன்னால் நாம் உடனே தராசைத் தேடிப் போவதில்லை. துவரையா உளுந்தா, முழுசா உடைத்ததா, புதுச் சரக்கா போன வருஷத்துச் சரக்கா என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் மூட்டையில் கை வைப்போம். இதே நாம் துப்பாக்கிக் கடைக்குப் போனால், “முப்பத்திரண்டு தோட்டா ஒரு பெட்டி” என்று சொல்லி, பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். பிறத்தியாரைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் நடந்தது.

எங்கள் தகப்பனார் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்தவர். வாரத்தில் மூன்று நாள் ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம் வசூலுக்குப் போய், இரவில் ரொக்கத்தோடு திரும்புவார். அந்தக் காலத்தில் ஆர்.டி.ஜி.எஸ். ஏது, செல்போனில் பணம் அனுப்புவது ஏது? 1968ல் உரிமம் வாங்கி, எஸ்டேட் முதலாளி ஒருவரிடமிருந்து பெல்ஜியம் நாட்டு பிரௌனிங் பிஸ்டல் ஒன்றை வாங்கினார். சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாத சிறிய பிஸ்டல். மேகசினில் ஏழு தோட்டா பிடிக்கும். உரிமம் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதால், குண்டூருக்குக் கொள்முதலுக்குப் போகும்போது அது பீரோவில்தான் இருக்கும். அதிகப் பணம் கொண்டுபோகும் பயணத்தில்தான் அது கூட வராது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

1993ல் அவர் காலமானார். முறைப்படி பிஸ்டலை ஒப்படைத்து, விசாரணையெல்லாம் முடிந்து, மறு வருஷம் எங்கள் அண்ணன் பெயருக்கு உரிமம் வந்தது. தகப்பனார் வைத்திருந்த தோட்டாக்கள் பழையவை என்பதால், அண்ணன் உரிமத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போய், “முப்பத்திரண்டு, இருபத்தைந்து தோட்டா” என்றார். கடையில் புதிதாக வந்த பையன் எடுத்துக் கொடுத்தான். உரிமத்தில் பதிவு போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்தும் ஆயிற்று. பெட்டி வீட்டுக்கு வந்து பீரோவின் உள்ளறையில் உட்கார்ந்தது.

1996ல் எங்கள் கடைத்தெருவில் ஒரே மாதத்தில் மூன்று கடைகளின் பூட்டை உடைத்தார்கள். ஒரு கடையில் காவலுக்குப் படுத்திருந்த கிழவரைக் கட்டிப் போட்டுவிட்டுக் கல்லாவைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அன்று இரவு அண்ணன் பிஸ்டலை எடுத்துத் துடைத்து, பெட்டியை முதன்முதலாகப் பிரித்தார். ஒரு தோட்டாவை மேகசினில் வைத்து அழுத்தினார். போகவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார், மேகசினைத் தட்டிப் பார்த்தார். எப்படி வைத்தாலும் தோட்டாவின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பெட்டியில் இருந்த இருபத்தைந்தும் ரிவால்வர் தோட்டா. இரண்டு வருஷமாக வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற தைரியத்தில் தூங்கியிருக்கிறோம். இருந்தது வெறும் இரும்புத் துண்டு.

மறுநாள் கடைக்காரர் வருத்தப்பட்டு மாற்றிக் கொடுத்தார். அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. பையன் மேல் மட்டும் பிழை போடவும் முடியாது. கேட்ட நாமும் முழுப் பெயர் சொல்லிக் கேட்கவில்லையே.

‘32’ என்பது குழலின் அகலத்தை அங்குலக் கணக்கில் ஏறத்தாழக் குறிக்கும் எண். நூறில் 32 பங்கு. அதே அகலத்தில் இரண்டு வேறு தோட்டாக்கள் நம் நாட்டில் விற்பனையாகின்றன. ஒன்று பிஸ்டலுக்கானது. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, 1899ல் பெல்ஜியம் நாட்டுத் தொழிற்சாலை வெளியிட்டது. ‘32 ஏ.சி.பி.’ என்றும், ‘7.65 பிரௌனிங்’ என்றும் சொல்வார்கள். மற்றொன்று அதற்கும் சில வருஷம் முந்திய ‘32 ஸ்மித் அண்டு வெசன் லாங்’. இது ரிவால்வருக்கானது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர்களுக்கும், 2014ல் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’ என்ற எடை குறைந்த ரிவால்வருக்கும் இதுதான்.

குழப்பத்துக்கு மேல் குழப்பமாக, அரசுத் தொழிற்சாலை வழக்கத்தில் இரண்டுக்குமே 7.65 மில்லிமீட்டர் என்றுதான் பெயர். ஆகவே 7.65 என்று சொன்னாலும் போதாது. அதற்கு அடுத்து வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். பிஸ்டல் தோட்டா 7.65 x 17. ரிவால்வர் தோட்டா 7.65 x 23. அந்தப் 17ம் 23ம் பித்தளைக் கூட்டின் நீளம், மில்லிமீட்டரில். பழைய ஜெர்மன் லூகர் பிஸ்டல்களில் சிலவற்றுக்கு 7.65 x 21 என்று மூன்றாவது வகையும் உண்டு. கழுத்து சிறுத்த கூடு. அது நம் பிரௌனிங்குக்கோ வால்தருக்கோ ஆகாது.

கண்ணாடி போடாமலே வித்தியாசம் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பிஸ்டல் தோட்டா முழு நீளமும் சேர்த்து ஓர் அங்குலம்தான். ரிவால்வர் தோட்டா ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். ரிவால்வர் தோட்டாவின் அடித்தட்டு ஆணித்தலை போல அகலமாக வெளியே தெரியும். பிஸ்டல் தோட்டாவின் அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், விளிம்பு மயிரிழைதான் வெளியே நிற்கும். பிஸ்டல் குண்டுக்குப் பெரும்பாலும் செம்பு நிற உறை உண்டு. ரிவால்வர் குண்டு பெரும்பாலும் சாம்பல் நிற ஈயம். அதன் எடையும் கூடுதல். பிஸ்டல் குண்டு சுமார் 4.6 கிராம் என்றால், இது 6 கிராமுக்கு மேல்.

எங்கள் வீட்டில் நடந்தது போல ரிவால்வர் தோட்டாவைப் பிஸ்டலில் போட முயன்றால் உள்ளே போகாது, அதோடு சரி. இதற்கு நேர்மாறாக நடந்தால்தான் ஆபத்து. பிஸ்டல் தோட்டா குட்டையானது என்பதால், பல ரிவால்வர்களின் உருளையில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சிலவற்றில் வெடிக்கவும் செய்யும். ஆனால் பிஸ்டல் தோட்டாவின் மருந்து எழுப்பும் அழுத்தம், ரிவால்வர் தோட்டாவின் அழுத்தத்தைவிட அதிகம். தாத்தா காலத்து ரிவால்வரில் அதைப் போட்டுச் சுட்டால், உருளை விரிசல் விடுவதும் பிடித்த கைக்கே சேதம் வருவதும் நடக்கக்கூடியவை. “உள்ளே போகுதே, அப்புறம் என்ன” என்று ஓர் அன்பர் எங்களிடம் கேட்டார். பெட்ரோல் வண்டியின் தொட்டியில் டீசலும்தான் தடங்கலில்லாமல் உள்ளே போகிறது.

சரி, பிஸ்டல் தோட்டாதான் என்று உறுதி செய்துகொண்டாயிற்று. அதிலும் எது வாங்குவது?

9 மில்லிமீட்டர் போன்றவை தடை செய்யப்பட்ட வகை. சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காது. நமக்கு வாய்த்தது பெரும்பாலும் இந்த 32தான். இது சிறிய தோட்டா. குண்டு நொடிக்குச் சுமார் 275 மீட்டர் வேகத்தில் போகும். இதைவிடப் பெரிய தோட்டாக்களோடு ஒப்பிட்டால் சக்தி குறைவுதான். அதனால் சிலர், மூக்கில் குழி வைத்த குண்டு உண்டாமே, உள்ளே போய் மலர்ந்து விரியுமாமே, அதைத் தேடி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பெரிய தோட்டாவில் அதற்குப் பொருள் உண்டு. இந்தச் சிறிய தோட்டாவில் குண்டு விரிந்தால் போதிய ஆழம் போகாது, வேகம் குறைந்தால் விரியவே செய்யாது. அதைவிட முக்கியம், எங்கள் பிரௌனிங் போன்ற பழைய பிஸ்டல்கள் முழு உறை போட்ட, உருண்டை மூக்குக் குண்டுக்காகவே செய்யப்பட்டவை. தோட்டா மேகசினிலிருந்து சறுக்கி ஏறி அறைக்குள் நுழைய அந்த உருண்டை மூக்கு வேண்டும். குழி மூக்கும் தட்டை மூக்கும் ஏறுமிடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். உறையில்லாத ஈயக் குண்டும் அப்படித்தான் சிராய்த்துக்கொண்டு மாட்டும்.

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். இது பல வருஷம் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கே தெரியாது. பிஸ்டல் தோட்டாவின் அடி விளிம்பு மயிரிழை வெளியே நிற்கும் என்று சொன்னோம் அல்லவா? மேகசினில் அடுக்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். பிஸ்டல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். உதறினாலும் இழுத்தாலும் லேசில் விடாது, மேகசினைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். குழி மூக்குத் தோட்டாக்கள் நீளம் சற்றுக் குறைவாக இருப்பதால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆடி, இந்தக் கோளாறுக்கு எளிதில் இடம் கொடுக்கும். முழு நீளமுள்ள உருண்டை மூக்குத் தோட்டாவில் ஆட இடம் குறைவு. ஒவ்வொன்றாக, விளிம்பைப் பார்த்து ஏற்றினால் போதும்.

ஆக எங்கள் தேர்வு, தொழிற்சாலைப் பெட்டியில் வரும் முழு உறை உருண்டை மூக்குத் தோட்டா. நம் நாட்டில் இது பெரும்பாலும் புனே அருகில் 1869ல் தொடங்கிய கட்கி தோட்டாத் தொழிற்சாலைச் சரக்கு. அடித்தட்டில் ‘கே.எஃப்.’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். 2021 அக்டோபரில் அரசுத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, இது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. ஆகவே பழைய பெட்டிக்கும் புதுப் பெட்டிக்கும் மேலே அச்சிட்ட பெயர் மாறியிருந்தால் போலி என்று பயப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டுத் தோட்டா கிடைத்தால் வாங்கலாம், விலைதான் யோசிக்க வைக்கும். யாரோ வீட்டில் மருந்து அடைத்துக் கொடுக்கும் தோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அதோடு, இந்தச் சிறிய பிஸ்டல்கள் தோட்டாவின் உதைப்பிலேதான் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கின்றன. மருந்து சற்றுக் குறைந்தால் பிஸ்டல் பாதியில் நின்றுவிடும். கூடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வேகம் குறைந்த சிறிய தோட்டாதானே என்று அலட்சியமாக நினைத்துவிடவும் கூடாது. நம் கடைகள் எப்படிப்பட்டவை? இரண்டு கடைக்கு ஒரே சுவர். பின்னால் தகரக் கொட்டகை. மாடியில் குடும்பம் குடியிருக்கும். உறை போட்ட குண்டு தகரத்தையும் பலகைத் தடுப்பையும் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பது துப்பாக்கிக்குத் தெரியாது. எங்கள் அண்ணன் 1996லேயே ஒரு முடிவு எடுத்தார். கடையில் பிஸ்டல் வைப்பதில்லை, வீட்டில் மட்டுமே. கடைக்கு நல்ல ஷட்டரும் இரண்டு ஆளும் போதும் என்றார். இன்று வரை எங்கள் வீட்டுப் பிஸ்டல் ஒரு மனிதனை நோக்கி நீட்டப்பட்டதில்லை. அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை.

வாங்கிய பிறகு வைத்துக்கொள்வதில் நாம் செய்யும் பிழைகள் வேறு. துருப் பிடிக்கக் கூடாது என்று தோட்டாவின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் வழக்கத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறோம். எண்ணெய் நாளடைவில் அடித்தட்டிலுள்ள கேப்புக்குள் இறங்கினால் அந்தத் தோட்டா செத்துப் போகும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வரும். தோட்டாவுக்கு எண்ணெயே கூடாது. அதேபோல் தோல் பையிலும் தோல் பெல்ட்டிலும் நிரந்தரமாகச் செருகி வைக்கக் கூடாது. தோல் பதனிடும் சரக்கு பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே, மூடி இறுகும் டப்பாவுக்குள், சூடும் ஈரமும் படாத இடத்தில், பூட்டி வைப்பதுதான் சரி. கடலோர ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கிட்டங்கியில் மிளகாய் மூட்டை நடுவில் ஒளித்து வைத்தவர்களையும் பார்த்தோம். அவர்களுக்கு என்ன சொல்வது!

இன்னும் ஒன்று. இரவு படுக்கும்போது ஒரு தோட்டாவை அறைக்குள் ஏற்றுவது, காலையில் வெளியே எடுத்து, அதே தோட்டாவை மறுநாள் இரவு மறுபடி ஏற்றுவது என்று சிலர் தினசரி வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் குண்டின் மூக்கு இடிபட்டு, கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். சோதிப்பது சுலபம். மேஜை மேல் அந்தத் தோட்டாவையும் பெட்டியிலுள்ள புதிய தோட்டா ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்று குட்டையாகத் தெரிந்தால் அதை உபயோகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அறைக்குள் தோட்டா வைத்துக்கொண்டு தூங்குவதே கூடாது என்பது எங்கள் கட்சி.

காகித விஷயத்திலும் ‘32’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். உரிமத்தில் பதிவு போடும்போதும், கடைச் சிட்டையிலும், ‘பிஸ்டல் தோட்டா’ என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது எங்கள் அண்ணனும் ஒப்படைத்தார். அந்த ரசீதிலும் தோட்டாவின் வகையும் எண்ணிக்கையும் தெளிவாக இருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது அங்கேயே எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். உரிமத்தில் கண்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டா வீட்டில் இருந்தாலும் வம்புதான். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வரை சிறையோ, லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். நம் பக்கம் அந்த வழக்கம் குறைவு என்றாலும், வடக்கே சம்பந்தம் செய்யும் அன்பர்கள் தெரிந்து வைத்திருக்கட்டும்.

கடைசியாக, வாங்கிய தோட்டாவை நம் பிஸ்டலில் சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. 2016ல் வந்த ஆயுத விதிகளின்படி புதிதாக உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பழைய உரிமதாரர்களான நம்மில் பலர் விசையையே தொட்டுப் பார்த்தது கிடையாது. எங்கள் அண்ணனும் 2018 வரை அப்படித்தான் இருந்தார். அந்த வருஷம் ரைஃபிள் கிளப்பில் அனுமதி பெற்று, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, 2003ல் வாங்கி வைத்திருந்த தோட்டாக்களில் இருபதைச் சுட்டுப் பார்த்தார். பதினேழு வெடித்தன. இரண்டில் ‘டிக்’ ஓசையோடு சரி. அப்படி ஆனால் உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது, குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் பொறுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தார். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டாம். ஒன்று பாதி ஏறி மாட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால், நாங்கள் மேலே சொன்ன அதே விளிம்புக் கொக்கி. ஏற்றியதில் அண்ணனின் அவசரம்.

மிச்சம் இருந்த ஐந்தையும் செத்த இரண்டையும் அடுத்த வாரமே துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து, உரிமத்தில் கழித்து எழுதிக்கொண்டு, புதுப் பெட்டி கேட்டோம். அன்றைக்குப் பையனாக இருந்தவர்தான் இப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வாயைத் திறக்கும் முன், “பிஸ்டல் தோட்டாதானே அண்ணாச்சி?” என்றார். ஆனாலும் பெட்டியை அவர் மேஜை மேலேயே பிரித்து, இருபத்தைந்தையும் வரிசையாக நிறுத்தி, உயரம் பார்த்து, அண்ணன் கையோடு கொண்டுபோயிருந்த அங்குலக் கோலால் ஒன்றை அளந்தும் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தோம்.